சனிக்கிழமை வேக்குவம்

புதுவாயல்
7 ஜூலை 2024

அன்புள்ள சுமலதாவுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலத்தையும், அந்த ஹாஸ்டல் சாப்பாடு உன்னை இன்னும் விட்டுவைத்திருக்கிறதா என்பதையும் எழுதவும்.

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று சட்டம் போட்டுவிட்டு வாரங்கல்லுக்கு ரயிலேறிவிட்டாய். சட்டப்படி போஸ்ட் ஆபீசுக்குப் போய்த் தபால் கவர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, கோர்ட்டு விவகாரமா என்று விசாரித்தாள். இல்லை, பெண்டாட்டிக்கு என்றேன். அதற்கப்புறம் அவள் பார்த்த பார்வை இன்னும் பரிதாபமாக இருந்தது.

நீ கேட்ட ரீடிங் தனித்தாளில் இருக்கிறது. நீராவியின் பிரஷர், கண்டென்சர் தண்ணீரின் சூடு, எண்ணெய்த் தொட்டியில் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வேக்குவம், எல்லாம் நானே கேஜைப் பார்த்து எழுதியவை. பாக்டரிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் கை வலிக்க எழுதியிருக்கிறேன்.

நீ எதைப் படிக்கிறாய் என்று அம்மா கேட்டாள். எஜெக்டர் என்பது ஒரு குழாய், ஒரு பக்கம் நீராவியை விட்டால் அது ஊசி முனை போன்ற துவாரத்தில் சீறிக்கொண்டு போகும், போகிற போக்கில் தொட்டியில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அப்போதுதான் தவிட்டெண்ணெயின் நாற்றம் கழன்று போகும் என்று விளக்கினேன். சுற்றுகிற பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு குழாய்க்குக் கணக்குப் போட இத்தனை வருடமா என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

உன் ஊருக்குப் போகும் ரயில்களெல்லாம் எங்கள் பாக்டரி மதிலை ஒட்டித்தான் போகின்றன. பக்கத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஒன்றும் நிற்பதில்லை. தகவலுக்காக எழுதினேன்.

இப்படிக்கு,
பார்த்திபன்


வாரங்கல்
20 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். சாப்பாடு என்னை ஒன்றும் செய்யவில்லை. கோங்குராத் துவையலும் நானும் சமாதானமாகிவிட்டோம்.

அத்தை கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீராவி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு என்று சொன்னால், வேக்குவம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு மாடல் ஒன்றைச் செய்திருக்கிறேன். அது சொல்வதும் உங்கள் கேஜ் காட்டுவதும் ஒன்றாக இருந்தால் மாடல் பாஸ். டிசம்பருக்குள் பிஎச்.டி. தீசிஸைக் கொடுத்துவிட்டுப் பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடு வந்துவிடலாம். ஒன்றாக இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் இங்கேதான்.

திங்கள் முதல் வெள்ளி வரை கணக்கும் கேஜும் மாமியார் மெச்சிய மருமகளாக ஒத்துப்போகின்றன. சனிக்கிழமை மட்டும் கேஜ் தன் பாட்டுக்கு எங்கோ போகிறது. ஞாயிறும் அப்படியே. சனிக்கிழமை ரீடிங் எடுப்பது யார்? விழித்துக்கொண்டுதான் எடுக்கிறாரா?

அத்தைக்கு என் வணக்கம். மழைக்கு முன்னால் மாடியில் காயும் வற்றலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சுமலதா


புதுவாயல்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சுமலதாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வற்றல் நனைந்துவிட்டது. உன் கடிதம் மழைக்குப் பிறகு வந்தது.

சனிக்கிழமை ரீடிங் எடுக்கும் அந்தத் தூங்குமூஞ்சி நான்தான். கண்ணை நன்றாகத் திறந்துதான் எடுத்தேன். சனிக்கிழமையானால் வேக்குவம் உண்மையிலேயே இறங்குகிறது. எண்ணெயில் நாற்றம் தங்கிவிடுகிறது, மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கிறது. மேனேஜர் சந்திரமோகன் இதற்கு இரண்டு வைத்தியம் வைத்திருக்கிறார். ஒன்று, ஸ்டீம் வால்வை இன்னும் திறப்பது. அதைச் செய்தோம், இன்னும் மோசமானது. இரண்டாவது, அவர் வாயாலேயே கேள்: "சனிக்கெயமல கரெக்டா வந்து உக்காருதுன்னா அது யாருன்னு தெரிலயா பார்த்திபா? பூஜைய கொஞ்சம் பெருசா போடு."

பூஜை என்று எழுதிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு, கண்டென்சர் பக்கத்தில் ஓர் அம்மன் படம் மாட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்னதாகப் பூஜை நடக்கிறது. நம் ஆட்கள் ஆசைப்பட்டார்கள். புதுவாயல் கூட்ரோட்டில் சாமந்தி வாங்கிக்கொண்டு போவது என் பொறுப்பு. ஆடி மாதம் என்பதால் இப்போது கொஞ்சம் கூடுதலாகவே வாங்குகிறேன். மேனேஜர் சொன்னதால் இனி கூடையாக வாங்க வேண்டும்.

பொங்கலுக்குக் கட்டாயம் வருவாயா என்று அம்மா கேட்கிறாள்.

இப்படிக்கு,
பார்த்திபன்


வாரங்கல்
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தையின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கும் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தலைவலி வைத்திருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஸ்டீம் வால்வைப் பழைய அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். இழுக்க வேண்டியதை இழுக்கப் போதுமான நீராவி போதும். அதற்கு மேல் விடும் ஒவ்வொரு பிடியையும் கண்டென்சர்தான் குளிரவைத்துத் தண்ணீராக்க வேண்டும். அதால் முடியாவிட்டால் நீராவி அங்கேயே தேங்கி, வந்த வழியே திருப்பித் தள்ளும். அப்போது எஜெக்டர் இழுப்பதையே நிறுத்திவிடும். ஆளை அதட்ட அதட்ட வேலை நடக்காது என்பது உங்கள் மேனேஜருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

இரண்டாவது, நீங்களா பூஜை? திருத்தணிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், படி ஏறச் சோம்பல்பட்டுக் கீழே டீக்கடையில் உட்கார்ந்துகொண்ட ஆள் நீங்கள். பூஜை என்று படித்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். சனி வந்தால் இறங்கும், திங்கள் வந்தால் ஏறும் என்று இவ்வளவு ஒழுங்காக ஒரு மிஷின் நடந்துகொள்ளுமா? ரீடிங்கைக் கேஜைப் பார்த்து எழுதுகிறீர்களா, காலண்டரைப் பார்த்தா?

அன்புடன்,
சுமலதா


புதுவாயல்
15 செப்டம்பர் 2024

சுமலதாவுக்கு,

நலம். நலமறிய.

ரீடிங் தாளில் இருக்கிறது. கேஜைப் பார்த்து எழுதியது. காலண்டரைப் பார்த்தால் நீ போய் எத்தனை நாளாயிற்று என்றுதான் தெரிகிறது. அதை அம்மா பார்க்கிறாள்.

இப்படிக்கு,
ரீடிங் எழுதுபவன்


வாரங்கல்
25 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமா? கோபம் நலமா?

தப்புதான். உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உங்கள் கடிதம் வராத அந்த நாட்களில் ஹாஸ்டல் வாட்ச்மேன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துக் காட்டப் பழகிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

உங்கள் தாள்கள் முழுவதையும் வரிசையாக வைத்து மறுபடி பார்த்தேன். இப்படி ஒரு தப்பை யாராலும் கற்பனையாக எழுத முடியாது. சனிக்கிழமை இறக்கம் வாரத்துக்கு வாரம் பெரிதாகிறது. அதோடு, திங்கள் சரியாகிவிட்டுச் செவ்வாய்க்கிழமை சின்னதாக இன்னொரு இறக்கமும் இருக்கிறது. பொய் எழுதுபவருக்குச் செவ்வாய்க்கிழமை தோன்றாது.

என் கைடு, சனி ஞாயிறு ரீடிங்கையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டு மற்ற நாட்களை மட்டும் காட்டு, யார் கேட்கப்போகிறார்கள் என்கிறார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். உங்கள் எண்ணெய் சனிக்கிழமையும் நாறுகிறதே. நாறும் நாளை விட்டுவிட்டு மணக்கும் நாளுக்குக் கணக்குப் போடுவதற்கு நான் எதற்கு?

ஓர் உதவி வேண்டும். கண்டென்சருக்குத் தண்ணீர் அனுப்பும் பம்பில் ஒரு கேஜ் இருக்குமே, அதன் ரீடிங்கையும் இனி சேர்த்து எழுதுங்கள். நான் தண்ணீரின் சூட்டைத்தான் கேட்டேன், அளவைக் கேட்கவில்லை. அது என் முட்டாள்தனம்.

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்கும், மீதி இருந்தால்.

சுமலதா


புதுவாயல்
14 அக்டோபர் 2024

அன்புள்ள சுமலதாவுக்கு,

உடம்பு நலம். மற்றதெல்லாம் பேஜார். நீயாவது நலமாக இரு.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. மேனேஜர், சனியை இந்த ஒரு தடவையோடு தொலைத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். எஜெக்டருக்குச் சந்தனம், குங்குமம். கண்டென்சருக்கு ஆளுயர மாலை. பம்புக்குப் பம்பு வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்ததில் வழுக்கி விழுந்தவரும் மேனேஜர்தான். நான் கூட்ரோட்டிலிருந்து பூவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆட்டோவில் பூவுக்கு இடம் விட்டு நான் தொங்கிக்கொண்டு வந்தேன்.

பூஜை முடிந்து பொரி கடலை சாப்பிட்டு முடிப்பதற்குள் வேக்குவம் அடியோடு போய்விட்டது. இறங்கவில்லை, விழுந்துவிட்டது. எஜெக்டர் கிழவன் இருமுவது மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுகொண்டது. அந்தப் பேட்ச் எண்ணெய் முழுக்க வாடை. என் ஷிப்டில் இருக்கும் தாவீது என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "சார், தப்பா எடுத்துக்காத. எங்க பாஸ்டரையும் ஒருவாட்டி இட்டாந்து ஜெபம் பண்ணிக்கினா இன்னா? எதுக்கும் இருக்கட்டுமே." மேனேஜர் அதற்கும் சரி என்றுவிட்டார். இப்போது அவர் யாரை வேண்டுமானாலும் கூப்பிடும் நிலையில் இருக்கிறார்.

இன்று திங்கள். வழக்கம்போலத் தானாகவே சரியாகிவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பம்பு ரீடிங் தாளில் இருக்கிறது.

இதெல்லாம் இப்படியே போனால் உன் டிசம்பர் என்னவாகும் என்று அம்மா கேட்கிறாள். ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
பார்த்திபன்


வாரங்கல்
3 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். தீபாவளிக்கு இங்கே ஒரு புடவைகூட எடுக்கவில்லை. காரணம் உங்கள் பம்பு.

கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். இதுவரை தண்ணீரைக் கொடுத்து வேக்குவத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது வேக்குவத்தைக் கொடுத்து, இதற்கு எவ்வளவு தண்ணீர் போயிருக்க வேண்டும் என்று கேட்டேன். அது சொன்ன விடையும் உங்கள் பம்பு ரீடிங்கும் அச்சு பிசகாமல் ஒத்துப்போகின்றன. ஹாஸ்டலே எழுந்திருக்கும்படி கத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டென்சருக்குப் போகும் தண்ணீர் குறைய ஆரம்பிக்கிறது. சனியன்று பாதிதான் போகிறது. தண்ணீர் போதாமல் நீராவி தேங்கி, எஜெக்டரைத் திருப்பித் தள்ளுகிறது. திங்கள்கிழமை தண்ணீர் வந்துவிடுகிறது. செவ்வாய் கொஞ்சம் குறைகிறது. ஆயுத பூஜையன்று தண்ணீர் கிட்டத்தட்ட நின்றேவிட்டது.

எஜெக்டரில் கோளாறு இல்லை, கிரகத்திலும் இல்லை. யாரோ வெள்ளிக்கிழமை தண்ணீரில் எதையோ போடுகிறார்கள். செவ்வாய்க்கு முன்னால் கொஞ்சம் போடுகிறார்கள். என் கணக்குக்கு ஆள் பெயர் தெரியாது. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
சுமலதா


புதுவாயல்
10 நவம்பர் 2024

அன்புள்ள சுமலதாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இரு.

உன் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் போய்ப் பார்த்தேன். பம்புக்கு முன்னால் ஸ்ட்ரைனர் என்று ஒன்று உண்டு, நம் டீ வடிகட்டிக்குப் பெரியண்ணன். கழற்றச் சொன்னேன். உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சாமந்தி, அல்வா பதத்தில்.

எண்ணெய் தயாராகும் இடத்தில் பூ வாடிக் கிடக்கக் கூடாது, பூஜை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது பாக்டரி விதி. சாமிக்குப் போட்ட பூ கால் படாத இடத்தில், தண்ணீரில் சேர வேண்டும் என்பது அம்மா விதி. எங்கள் பாக்டரியில் யார் காலும் படாத தண்ணீர், சுடுதண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவரின் தொட்டி ஒன்றுதான். வாராவாரம் நான்தான் கொண்டுபோய்ப் பக்தியோடு விட்டேன். கண்டென்சருக்குத் தண்ணீர் அதிலிருந்துதான் போகிறது என்று எனக்குத் தெரியாதா? சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். பூவைக் கையில் வைத்திருக்கும்போது மட்டும் அது கூலிங் டவராகத் தெரியவில்லை, கோயில் குளமாகத்தான் தெரிந்தது.

திங்கள்கிழமை ஸ்ட்ரைனரைச் சுத்தம் செய்வது மெயின்டெனன்ஸ் லோகு. வாராவாரம் இதைப் பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தான். "இன்னா சார் கேக்கற? நீ போட்ட பூ, உனக்குத் தெரியாதா? சாமி பூவ குப்பையிலயா கொட்ட முடியும்? கண்ணுல ஒத்திக்கினு திரும்பத் தண்ணியிலயே வுட்டுட்டேன்." அதுதான் உன் செவ்வாய்க்கிழமை. லோகுவின் பக்தி கூட உன் கணக்கில் விழுந்திருக்கிறது.

மேனேஜரிடம் சொன்னேன். பூவை நிறுத்தினால் வேக்குவம் வரும் சரி, சாமி கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார். பாஸ்டர் ஜெபத்தையும் ரத்து செய்ய வேண்டாம் என்றுவிட்டார்.

இனி எழுதுவதை ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுத மாட்டேன். பூஜைக்கு ஆசைப்பட்டது ஆட்கள் இல்லை. படம் மாட்டியது நான். ரயிலடியில் வைத்து, "வந்தா வா, வராங்காட்டி போ, எனக்கு இன்னா" என்று சொன்னேன் அல்லவா? ரயில் போன பிறகு நேரே அம்மன் படம் வாங்கத்தான் போனேன். படிப்பைச் சீக்கிரம் முடித்து நீ வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வாராவாரம் பூப் போட்டேன். அந்தப் பூவேதான் வாராவாரம் உன் கணக்கைக் கெடுத்திருக்கிறது. நீ வர வேண்டும் என்று எவ்வளவு அதிகம் வேண்டினேனோ, அவ்வளவு தூரம் உன்னை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறேன். டிசம்பர் போய்விட்டதென்றால் அதற்குச் சனி காரணமில்லை, உன் புருஷன்தான் காரணம்.

பூஜையை நிறுத்திவிட்டேன். மன்னித்துவிடு.

பார்த்திபன்


புதுவாயல்
1 டிசம்பர் 2024

அன்புள்ள சுமலதாவுக்கு,

அம்மா நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. புயல் மழையில் தபால் தாமதமாயிருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பூப் போடாத நாட்களின் ரீடிங்கை இத்துடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நன்றாக இருக்கிறது. நான்தான் இல்லை.

பார்த்திபன்


வாரங்கல்
22 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம், பரம நலம். தூங்கி நாளாயிற்று, அதனால்தான் பதில் இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே பூவையும் லோகுவையும் கணக்கில் சேர்க்க உட்கார்ந்தேன். இதற்கு என்ன தலைப்பு வைப்பதென்று தெரியாமல் 'குளிர்நீரில் வாராந்திரத் தடை' என்று வைத்தேன். தடை என்ன பொருள் என்று கைடு கேட்டார். சாமந்தி என்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதுவரை இந்தக் குழாய்க்குக் கணக்குப் போட்ட யாரும் வெள்ளிக்கிழமையைச் சேர்த்ததில்லை, இந்த அத்தியாயம்தான் தீசிஸிலேயே உருப்படி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை தீசிஸைக் கொடுத்துவிட்டேன். நீங்கள் கெடுத்தது எதுவும் இல்லை.

நீங்கள் உள்ளதைச் சொல்லிவிட்டீர்கள், என் பங்குக்கு நானும் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதமே கைடு, அத்திப்பட்டுப் பக்கம் இதே மாதிரி எஜெக்டர் இருக்கும் ஓர் அனல் மின் நிலையத்தின் ரீடிங்கைக் கம்ப்யூட்டரிலேயே வாங்கித் தருகிறேன், தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். தவிட்டெண்ணெய்தான் ஆராய்ச்சிக்குப் பொருத்தம் என்று அவரிடம் சொன்னேன். உங்கள் ரீடிங் தேவையில்லை என்றால் உங்கள் கடிதம் நின்றுவிடும் என்பதுதான் நிஜம்.

இன்னொன்று. சட்டம் நம் இருவருக்கும்தான். அத்தைக்குக் கிடையாது. தினமும் சாயங்காலம் நானும் அத்தையும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். எதற்கு இத்தனை வருடம் என்றோ, பொங்கலுக்கு வருவாயா என்றோ அத்தை ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. "நிதானமா முடிச்சிக்கினு வா, இவன நான் பாத்துக்கறேன்" என்பாள். ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது யார் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிட்டாள். உங்கள் கடிதத்தில் 'அம்மா கேட்கிறாள்' என்று வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் படிப்பேன்.

ஜனவரி பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை வருகிறேன். ரயில் உங்கள் மதிலை ஒட்டித்தான் வரும், நிற்காது. சென்ட்ரலுக்கு வந்து நில்லுங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு மறுபடி இரண்டு நாள் போய்வந்தால் போதும்.

நிறுத்திய பூஜையை அன்றைக்கு மறுபடி போட்டுவிட்டு வாருங்கள். சாமந்தி கொஞ்சம் போதும், மல்லி நிறைய வாங்குங்கள். சாமிக்குப் போட்டதை எடுத்து என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். கால் படாத இடம்தானே வேண்டும்? என் தலை வருகிறது.

உங்கள்
சுமலதா